பலாச்சுளையும் அரைப்பேரும்
(கணக்கதிகாரத்தின் முழுவெண் நோக்குப் பற்றிய ஒரு திறனாய்வு)

தமிழில் எழுந்த கணித நூல்களுள் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் பெற்ற புகழ் பிறிதொன்று பெற்றதில்லை. ஆயினும் அப்புகழ் பெரும்பாலும் ஒரே செய்யுளால் வந்தது. பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளிருக்கும் சுளைகளின் தொகையைக் கூறும் வழியை அச்செய்யுள் தருகின்றது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, அத்தொகையை ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளைகளின் தொகை வரும் என்பது அதன் கருத்து. தமிழ் விழா மேடைகளில் இச்செய்யுளைக் கூறிக் கைதட்டல் பெறாத பேச்சாளர் அரியர். அதனைக் கூறியபின் தாளெடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தவர் அவரினும் அரியர்.

கணக்கிட்டுப் பார்த்தல் கடினமன்று. முட்கள் 100 எனின் அறுநூறு. ஐந்தால் வகுக்கச் சுளைகள் 120. முட்கள் 55 எனின் 66. இவ்வளவில் யாவும் நன்றே. முட்கள் 53 ஆயின், 53-ஐ ஆறாற் பெருக்க 318. ஐந்தால் வகுக்க 63 ஈவும் 3 மீதியும் வரும். அறுபத்து மூன்று சுளைகள் இருக்கட்டும். எஞ்சிய ஐந்தில் மூன்று பங்குச் சுளை எந்தப் பலாப்பழத்துள் இருக்கின்றது? ஐந்துக்கும் ஆறுக்கும் ஒன்றையன்றிப் பொதுக் காரணி வேறில்லை. ஆகவே முட்களின் தொகை ஐந்தின் மடங்காக இருந்தாலன்றி விடை முழுவெண்ணாக வாராது. அடுத்தடுத்து வரும் எந்த ஐந்து எண்களை எடுத்துக்கொள்ளினும் ஒன்றற்கே முழு விடை கிடைக்கும். ஏனைய நான்கும் உடைந்த சுளையையே தரும்.

இக்குறையைச் சொல்லுதல் ஆசிரியரை இகழ்தற்கன்று. பலாப்பழம் இயற்கை தந்த பொருள். அது சூத்திரத்துக்குக் கட்டுப்பட்டுக் காய்ப்பதில்லை. விடை ஏறத்தாழச் சரியாயின் போதும், உடைந்த பகுதியைத் தள்ளிவிடலாம் என்று உரைகூறுவார் உளர். அது பொருந்தும் உரையேயாம். ஆனால் தள்ளுக என்ற சொல் செய்யுளில் இல்லை. வெண்பாவின் அடியளவு அதற்கு இடந்தரவில்லை என்று சமாதானங் கூறுதலும் எளிது, அது போதாது. ஏனெனில் இதே நூல் பொன்னையும் நிலத்தையும் நெல்லையும் கணக்கிடப் புகும்போது முந்திரி வரை, அதாவது ஒன்றில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரை, சிறிதும் வழுவாமல் இறங்குகின்றது. பொன்னில் முந்திரியையும் விடாத ஆசிரியர், சுளையில் ஐந்தில் மூன்று பங்கு எஞ்சும்போது ஏன் வாளாவிருந்தார் என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய வினா.

விடை அவர் கற்ற எண் மரபில் இருக்கின்றது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி பயின்ற மாணவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று மேலே மட்டும் ஏறியவனல்லன், கீழேயும் இறங்கினான். முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப்பெயரும் தனிக்குறியும் அவன் அறிவான். அவனுக்கு அரை என்பது ‘இரண்டில் ஒன்று’ என்னும் தொடரன்று. நூற்றறுபது முந்திரி என்னும் தொகை. முந்திரியை அலகாகக் கொண்டால் ஒன்று என்பதே 320 ஆகின்றது. வீசம் 20, மா 16, காணி 4. பின்னங்களின் கூட்டலும் கழித்தலும் முழுவெண்களின் கூட்டலும் கழித்தலுமாகவே நடைபெறுகின்றன. பகுதி எண்ணைத் தேடித் திரியும் இக்கால மாணவன் பொறாமைப்படத்தக்க வசதி இது. அலகைச் சிறிதாக்கினால் பின்னம் முழுமையாகிவிடும் என்னும் இவ்வுண்மையைத் தமிழ்க் கணக்காயர்கள் சூத்திரமாகச் சொல்லவில்லை, பெயரிலேயே வைத்தனர்.

அம்மரபின் ஆற்றல் எதுவோ அதுவே அதன் மறதிக்கும் காரணம். எதனையும் உடைக்கலாம் என்று பழகியவனுக்கு உடைக்கலாகாத பொருளும் உண்டு என்பது கண்ணிற் படுவதில்லை. கிரேக்க நாட்டு யூக்கிளிட்டு தமது ஏழாம் புத்தகத்தில் எண் என்பது ஒன்றுகள் பல சேர்ந்த தொகுதி என்று வரையறுத்தார். அங்கே எண்ணப்படும் ‘ஒன்று’ கூறுபடுவதன்று. அந்நெறியில் நின்றவர்கள் பின்னத்தை எண் என்றே ஒப்பாது, இரு எண்களிடையேயுள்ள விகிதமாக மட்டும் கண்டனர். தமிழ் மரபு வீசத்தையும் முந்திரியையும் எண்ணாகவே ஏற்றுக்கொண்டது. ஏற்றபின் எந்தப் பொருளுக்கு எந்த எண் என்ற வினாவை மறந்தது. இரண்டும் அரைகுறையே எனினும், வயலையும் நெல்லையும் பங்கிட வேண்டிய நாட்டில் பின்னதே பயன்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

இதே நூலில் வரும் பூசணிக்காய்க் கணக்கை ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். காயின் கீற்றுகளை எண்ணி, மூன்றாலும் ஆறாலும் ஐந்தாலும் பெருக்கி, பாதியாக்கி, மூன்றால் வகுத்தால் விதைகளின் தொகை வரும் என்பது வழங்கும் பாடம். இவ்வளவு நீண்ட வழியைச் சுருக்கிப் பார்த்தால் எஞ்சுவது கீற்றுகளைப் பதினைந்தால் பெருக்குதல் மட்டுமே. முதலில் மூன்றால் பெருக்கி முடிவில் மூன்றால் வகுத்தல் வந்த வழியே திரும்பி நடத்தலாகும். பெருக்கலையும் வகுத்தலையும் எம்முறையில் மாற்றி வைப்பினும் பயன் மாறாது என்னும் பண்பை ஆசிரியர் அறியாதவரல்லர். மாணவனுக்குப் பயிற்சியளிக்கவே சுற்றி அழைத்துச் சென்றார் என்று கொள்ளலாம். ஆனால் விதைகளின் தொகை எக்காயிலும் முழுவெண்ணாகவே வருகின்றது. பலாவிற் குறைப்பட்ட சூத்திரம் பூசணியில் நிறைவுற்றது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிப்பாராயின், முழுவெண்கள் பெருக்கலுக்கு அடைவுடையன, வகுத்தலுக்கு அடைவற்றன என்னும் பாடத்தைக் கரும்பலகையின்றியே கற்பித்துவிடலாம். நூலைப் போற்றுவோர் இதனைக் கண்டதாகத் தெரியவில்லை.

கணக்கு நூலார் மறந்த வேறுபாட்டைத் தமிழ் இலக்கண நூலார் மறக்கவில்லை என்பது வியப்புக்குரியது. தொல்காப்பியர் எண்ணுப்பெயர், நிறைப்பெயர், அளவுப்பெயர் எனப் புணர்ச்சி விதியிலேயே பிரித்துரைத்தார். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவை நான்காகக் கூறுதல் பிற்கால மரபு. எடுக்கப்படுவதும் முகக்கப்படுவதும் நீட்டப்படுவதும் எவ்வளவு சிறிதாகவும் கூறுபடும், எண்ணப்படுவது கூறுபடாது. மேலும், உயர்திணைக்கு எண் தனி வடிவே பெறுகின்றது: ஒருவர், இருவர், மூவர், நால்வர், எழுவர். இவ்வரிசையில் கீழே இறங்க மொழி இடந்தரவில்லை. ‘அரையர்’ என்றொரு சொல் உண்டெனின், அஃது அரசரைக் குறிக்குமேயன்றி அரை மனிதரைக் குறிக்காது.

அரை மனிதரைக் குறிக்குஞ் சொல் பிற்காலத்தில் தோன்றியது. தோன்றிய இடம் இலங்கையின் மலைநாடு. அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் ‘பேர்’ என்பதற்கு ஒரு தனிப்பொருள் உண்டு. ஒரு தொழிலாளி ஒருநாள் செய்த வேலை செக்ரோலில் ஒரு பேராகப் பதியப்படும். குறித்த நிறைக்குக் கொழுந்து பறியாதவருக்கு விழுவது அரைப்பேர். மாதத்தில் எத்தனை பேர் விழுந்தது என்பதே சம்பளத்தின் அளவு. பெரட்டுக் களத்திலிருந்து மலைக்குச் செல்லும் பெண் முழு ஆளாகச் சென்று மாலையில் அரைப்பேராகத் திரும்புகின்றாள். கொழுந்து எடுத்தல் அளவைக்குரியது. ஆள் எண்ணல் அளவைக்குரியவர். எடுத்தலில் வந்த குறையை எண்ணலில் ஏற்றுவதே அரைப்பேரின் கணிதம். வேலையை மேற்பார்வையிடுபவருக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர் அமைந்ததும் தற்செயலன்று போலும்.

இக்கணிதம் எங்ஙனம் நடைபெறுகின்றது என்பதைச் சற்று விரித்து நோக்குதல் தகும். பல தோட்டங்களில் ஒரு பேருக்கு 18 கிலோ என்பது வரையறை. றாத்தல் போய்க் கிலோ வந்த பின்னும் முறை மாறவில்லை. கொழுந்து ஒருநாளில் காலை, நண்பகல், மாலை என மூன்று தடவை நிறுக்கப்படுகின்றது. ஒருத்தியின் கொழுந்து முதல் நிறுவையில் 5.7, இரண்டாவதில் 6.6, மூன்றாவதில் 5.8 கிலோ நின்றதென வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர 18.1 கிலோ, முழுப்பேர் விழ வேண்டும். ஆனால் ஒவ்வொரு நிறுவையிலும் உடைந்த பகுதியைத் தள்ளி முழுக்கிலோவை மட்டும் ஏட்டில் எழுதினால் 5, 6, 5 என்று பதியும், கூட்டுத்தொகை 16. முழுப்பேருக்கு உரியவளுக்கு அரைப்பேரே விழும். தள்ளப்பட்டது ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோவிற் குறைவே. எழுதியவர் கூட்டலில் ஒரு பிழையும் விடவில்லை. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிப்பது இதற்குப் புறம்பு.

பிழை எங்கேயுள்ளது? முழுவெண்களைக் கூட்டுகையில் எவற்றை முதலிற் சேர்த்தாலும் தொகை மாறாது என்பது பாடசாலையிற் கற்பிக்கப்படும் பண்பு. கூட்டிப் பின் வெட்டுதலும் வெட்டிப் பின் கூட்டுதலும் ஒன்றல்ல என்பது பெரும்பாலும் கற்பிக்கப்படுவதில்லை. பின்னங்களை வெட்டிக் கூட்டிய தொகை, கூட்டி வெட்டிய தொகைக்கு ஒருபோதும் மேற்படாது. பல வேளைகளில் குறையும். மூன்று நிறுவையில் இழப்பு மூன்று கிலோவை நெருங்கலாம். அரைக்கு மேற்பட்டதை அடுத்த முழுக்கிலோவாக்கும் வேறொரு வழக்கைக் கைக்கொண்டால் மேற்கூறிய நாளில் 6, 7, 6 எனப் பத்தொன்பது பதியும். அப்போது நட்டம் தோட்டத்துக்கு. இரண்டும் நேர்மையான கணக்கல்ல. மூன்றையும் பின்னத்தோடு எழுதி, நாள் முடிவில் கூட்டி, அதன்பின் வெட்டுவதே முறை.

இங்கேதான் காரிநாயனாரின் மரபு எதிர்பாராத வகையில் துணைக்கு வருகின்றது. பழைய கணக்கர் ஒருவர் அந்நிறுவைகளை எழுதியிருப்பின் வீசம் வரையிலேனும் இறங்கியிருப்பார். 5.7 என்பது ஐந்தும் பதினொரு வீசமும், 6.6 என்பது ஆறும் ஒன்பது வீசமும், 5.8 என்பது ஐந்தும் பன்னிரண்டு வீசமும். வீசத்துக்கும் கீழ்ப்பட்டதை அவர் தள்ளிவிட்டாலுங்கூட, பதினொன்றும் ஒன்பதும் பன்னிரண்டும் சேர முப்பத்திரண்டு வீசம். அஃது இரண்டு முழு. பதினாறும் இரண்டும் பதினெட்டு. முழுப்பேர்! பலாச்சுளையை உடைத்தது பிழையெனக் கண்ட அதே மரபு, கொழுந்தை உடைத்து எழுதுவதால் ஒருத்தியை உடையாமற் காக்கின்றது. தோட்டத்துக் கணக்கு இதற்கு நேர்மாறானது. உடைக்கத்தக்க கொழுந்தை முழுவெண்ணாக்கி, உடைக்கத்தகாத ஆளைப் பின்னமாக்கியது அது.

அப்பின்னத்தின் விலையையும் கூறிவிடலாம். 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் அடிப்படை 900 ரூபாவும் வரவுசெலவுத் திட்டப் படி 100 ரூபாவுமாக 1,000 ரூபா என வர்த்தமானியில் விதிக்கப்பட்டது. அக்கணக்கின்படி 18 கிலோவுக்கு 1,000 ரூபா; 17 கிலோவுக்கு அரைப்பேராயின் 500. நிறைக்கேற்ப விகிதமுறையிற் கொடுப்பின் 17 கிலோவுக்கு 944 ரூபாவுக்கு மேல் வரும். ஒரு கிலோவின் குறை 444 ரூபாவை விழுங்குகின்றது. விகிதசமம் கற்பிக்கும் ஆசிரியர்கள் ‘ஒரு கூடை மாம்பழத்தின் விலை’ என்று தொடங்கும் வினாக்களை விடுத்து, லயத்தில் வாழும் பிள்ளைகளுக்கு இதனைக் கொடுத்தால், விகிதசமம் எது, படிக்கட்டுப்போற் பாய்வது எது என்பதை அவர்கள் தாயின் சம்பளத் துண்டிலேயே கண்டுகொள்வர். துண்டு என்ற சொல்லுக்கு மலைநாட்டில் வேறொரு பழம்பொருளும் உண்டு. தொழிலாளரின் கடன்தொகையை எழுதி, அதனைக் கொடுப்பவரிடம் ஆட்களை விடுவதாகக் கூறுஞ் சீட்டும் துண்டெனவே வழங்கிற்று. அம்முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது.

மின்னியல் தராசு வந்துள்ள தோட்டங்களில் பின்னம் இப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரிகின்றது. ஏட்டில் அதற்கு நிரல் உண்டா என்பதே கேள்வி.

உயர்திணையை வகுக்குங் கணக்கு நிறுவைக் கொட்டிலோடு நின்றதா எனின், இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவர்களின் தொகை 975,000 எனக் கொண்டு 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி 525,000 பேரை இந்தியா ஏற்கும்; 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும்; 150,000 பேர் பின்னர்த் தீர்க்கப்படுவர். 1974ஆம் ஆண்டு இந்திரா காந்தி அம்மையாரும் சிறீமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் அவ்வெஞ்சியோரை ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பகிர்ந்தனர்.

இவ்வெண்களைக் கணித மாணவன் காணும் கண்ணாற் காண்க. 525,000-க்கும் 300,000-க்கும் பொதுக் காரணிகளுட் பெரியது 75,000. அதனால் வகுத்தால் ஒருபுறம் ஏழு, மறுபுறம் நான்கு. மீதி 150,000 அதே அலகில் இரண்டு; மொத்தம் பதின்மூன்று. பதின்மூன்றை ஏழும் நான்கும் இரண்டுமாகக் கூறிட்டு, பத்தாண்டின் பின் அவ்விரண்டையும் ஒன்று ஒன்றாகப் பிரித்து, எட்டும் ஐந்துமாக்கினர். எழுபத்தையாயிரம் உயிர்கள் ஓரலகு. இவ்வளவு எளிதாக வகுபடும் எண்கள் குடிக்கணக்கில் இயல்பாக வருவன அல்ல. வகுத்தற்கு வசதியாக வட்டமாக்கப்பட்ட எண்கள் அவை. காரிநாயனாரின் பலாவில் எஞ்சிய மீதியேனும் உண்மையான மீதி.

ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும்போது ஏழுக்கு நான்கு என்ற விகிதமும் பின்பற்றப்படலாயிற்று. எழுவர் இந்தியரானாலன்றி நால்வர் இலங்கையர் ஆதல் இயலாது. ஆனால் மக்கள் ஏழேழாகவும் நந்நான்காகவும் வாழ்பவரல்லர், குடும்பங்களாக வாழ்பவர். இலங்கைக் குடியுரிமை வேண்டி விண்ணப்பித்தோர் தொகை 300,000-ஐ வெகுவாக விஞ்சிற்று. இந்தியக் குடியுரிமை வேண்டியோர் 525,000-ஐ எட்டவில்லை. ஒப்பந்தத்தின் ஈவும் மக்களின் விருப்பமும் பொருந்தாதபோது, பெற்றோர் ஓரெண்ணிலும் பிள்ளைகள் வேறோரெண்ணிலுமாக வீழ்ந்த குடும்பங்கள் உண்டு. தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகையிரதங்களின் மேடைகளில் அவ்வகுத்தலின் மீதியை மலைநாடு கண்டது. இத்தகைய ஓலத்தை எந்தக் கணக்கு நூலும் பதிவதில்லை; பதிய வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் பொருத்தமன்று. ஆனால் எண்ணப்படும் பொருள் எது என்று கேளாமல் எண்ணத் தொடங்குதல் கணக்காயரின் குற்றமாகவே வைத்து எண்ணப்படும். கணக்கதிகாரத்தில் அது சுளையளவோடு நின்றது.

கணக்கதிகாரத்துக்குப் புதிய உரை வகுக்க முனைவோர் பலாச் செய்யுளின் கீழ் ‘இதனால் தமிழரின் மேதை விளங்கும்’ என்று எழுதி அமையாமல், முட்களின் தொகை ஐந்தின் மடங்கல்லாதவிடத்து என் செய்வது என்று ஒரு வரி சேர்ப்பாராயின் நூலுக்கு அதுவே உண்மையான மதிப்பு. தள்ளுவதா, ஏற்றுவதா, சுளையை மட்டும் முழுமையாக்கி மீதியைத் தனியே குறிப்பதா என்று மாணவரிடையே வாதிடவும் விடலாம். மீதியைத் தனியே குறிப்பதே தக்கதெனத் தோன்றுகின்றது. 63 சுளை, மீதி 3 என்பது பொய்யில்லாத விடை, 63.6 என்பது பொருளில்லாத விடை. 63 என்று மட்டும் எழுதி வாளாவிருத்தல் ஏட்டிற் கிலோவை வெட்டியவரின் வழி.

ஒப்பந்தங்கள் தீர்க்காது விட்டவற்றை 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், பின்னர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் தீர்க்க முயன்றன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைக்குத் தகுதியுடையோரை இத்தனை பேர் என்று தொகையால் வரையறுக்கவில்லை. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினரும், அவர்தம் வழித்தோன்றல்களாய் இலங்கையில் வாழ்வோரும் எனப் பண்பால் வரையறுத்தது. ஏழும் நான்கும் அதில் இடம்பெறவில்லை. அவ்விரண்டெண்களும் பிறந்த நாள் மட்டும் அதில் நின்றது.